கடைமடை வீட்டுக் கணக்கு

வாசகர் கேள்வி: வீரவநல்லூரில் இருக்கிறோம். எனக்கு 39 வயது. பள்ளிக் கல்வித் துறையின் ஒருங்கிணைந்த திட்டத்தில் தொகுப்பூதியத்தில் கணினி வேலை பார்க்கிறேன். மாதம் 18,000 ரூபாய். போன வருஷம் இரண்டு தடவை சம்பளம் தள்ளி வந்தது. ஒரு தடவை ஒன்றரை மாதம். வீட்டுக்காரர் கட்டட மேஸ்திரி. ஒரு காண்ட்ராக்டருக்குக் கீழே அங்கன்வாடி, பேவர் பிளாக் ரோடு என்று ஊராட்சி ஒன்றியத்து வேலைகள் எடுத்துச் செய்கிறார். கொஞ்சம் தனியார் வீட்டு வேலையும் உண்டு. சராசரி 22,000 வரும். முடித்த வேலைக்கு 1,80,000 ரூபாய் பாக்கி நிற்கிறது. சனிக்கிழமை கூலி கொடுக்க 60,000 ரூபாய் இரண்டு வட்டிக்கு (நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய்) வாங்கியிருக்கிறோம். அத்தை பீடி சுற்றி மாதம் 4,000 கொண்டுவருகிறார். 5 பவுன் அடகில் 1,40,000 ரூபாய் கடன், பைக் தவணை 3,200, மகளிர் குழுக் கடன் 2,500, தெருவில் ஒரு லட்சம் ரூபாய் சீட்டு மாதம் 5,000 (20 மாதத்தில் 14 கட்டியாயிற்று), எல்.ஐ.சி. ஒன்று. பேங்கில் ஒரு லட்சம் டெபாசிட், கையிருப்பு 40,000. திட்டங்களுக்குப் பணம் குறைகிறது, ஆள் குறைப்பார்கள் என்று ஆபீசில் பேச்சாக இருக்கிறது. டெபாசிட்டை உடைத்துத் தங்கம் வாங்கிவிடலாமா? 6 லட்சம் கடன் வாங்கி மாடியில் ஒரு ரூம் போடுவதாக இருந்தோம், போடலாமா? மகள் பிளஸ் டூ அரசுப் பள்ளியில். மகன் கட்டாயக் கல்விச் சட்டத்து இடத்தில் தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

செலவைக் குறைக்கிறார்கள் என்றால் ஒரு நாள் சம்பளம் பாதியாகும், அல்லது வேலை போகும் என்றுதான் நினைக்கத் தோன்றும். அரசுப் பணத்தில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. முதலில் தாமதம் வரும். அடுத்து, காலியான இடத்தை நிரப்பாமல் விடுவார்கள். அதற்கும் பிறகுதான் ஆள் குறைப்பு. நீங்கள் இப்போது தயாராக வேண்டியது முக்கியமாகத் தாமதத்துக்கு. வேலை போவதற்கான ஏற்பாடும் ஏறக்குறைய அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிற ஊர்க்காரருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டாம். பாபநாசம் அணையில் திறப்பைக் குறைத்தால் மேல்மடைக்குச் சில நாள் ஒன்றுமே தெரியாது. கடைமடை வயல்தான் முதலில் காயும். அரசுப் பணத்திலும் நிரந்தர ஊழியர் சம்பளம், ஓய்வூதியம், வாங்கிய கடனுக்கு வட்டி என்று மேல்மடைகள் உண்டு. 2026 மார்ச்சில் தமிழக அரசின் நிலுவைக் கடன் 9.29 லட்சம் கோடி ரூபாயாக இருக்கும் என்று 2025-26 பட்ஜெட்டிலேயே மதிப்பிட்டிருந்தார்கள். அதற்கான வட்டியைத் தள்ளிப்போட வழியில்லை. மேல்மடைக்கே தண்ணீர் குறைந்த காலமும் உண்டு: 2020 ஏப்ரலில் அரசு ஊழியரின் அகவிலைப்படி உயர்வை நிறுத்தினார்கள், ஈட்டிய விடுப்பைச் சரண் செய்து காசாக்குவதையும் நிறுத்தினார்கள். ஆனால் மாதச் சம்பளம் நிற்கவில்லை. தொகுப்பூதியம், காண்ட்ராக்டர் பில், தனியார் பள்ளிக்கு அரசு திருப்பித் தர வேண்டிய கட்டணம் எல்லாம் கடைமடை. உங்கள் வீட்டில் இந்த மூன்றுமே இருக்கின்றன.

நடந்ததைப் பாருங்கள். 2024-25இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தமிழகத்துக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு விடுவிக்கவில்லை. கட்டாயக் கல்விச் சட்டப்படியான 2025-26 சேர்க்கை வழக்கமான மாதத்தில் தொடங்காமல் அக்டோபரில்தான் தொடங்கியது. 2024 கடைசியிலிருந்து நூறு நாள் வேலைக் கூலி மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய ஊரக வேலைச் சட்டம் 125 நாள் என்கிறது. ஆனால் செலவில் நூற்றுக்கு நாற்பதை மாநிலம் போட வேண்டும், விதைப்பு அறுவடைக் காலத்தில் ஆண்டுக்கு 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம் என்றும் சொல்கிறது. உங்கள் வீட்டில் யாரும் நூறு நாள் வேலைக்குப் போகாவிட்டாலும் இது உங்களைத் தொடும். கூலி தள்ளிப்போனால் கடைத்தெருவில் காசு புரளாது. பலசரக்குக் கடைக்காரர் பற்று எழுத யோசிப்பார். வீட்டுக்கு வெள்ளையடிக்க இருந்தவர் பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பார். மேஸ்திரியின் தனியார் வேலையும் அங்கேதான் குறையும்.

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். வீட்டுக்கு வரும் 44,000 ரூபாயில் அரசுப் பையிலிருந்து வருவது எவ்வளவு? உங்கள் 18,000 முழுதும். வீட்டுக்காரரின் 22,000இல் மூன்றில் இரண்டு பங்கு ஒன்றியத்து வேலை என்று வைத்தால் 14,500. ஆக 32,500. நாலில் மூன்று பங்கு ஒரே பையிலிருந்து வருகிறது. இரண்டு பேர் சம்பாதிக்கிறோம், ஒருவருக்கு நின்றாலும் மற்றவர் இருக்கிறார் என்று நீங்கள் தைரியமாக இருந்திருப்பீர்கள். அந்தத் தைரியத்துக்கு இங்கே இடமில்லை. நிற்கும்போது இரண்டும் சேர்ந்தே நிற்கக்கூடும்.

அடுத்து, குறைக்கவே முடியாத செலவு. நீங்கள் அனுப்பிய விவரப்படி பலசரக்கு, பால், காய், மீன் எல்லாம் சேர்த்து 11,000. கேஸ், கரண்ட், போன் 2,300. அத்தையின் மருந்து 1,200. பெட்ரோல், பஸ் 3,000. பிள்ளைகளின் வேன், டியூஷன் 3,500. மொத்தம் 21,000. நெருக்கடி மாதத்தில் இதை 17,000 வரை இறக்கலாம்: சமையலில் 1,500, பெட்ரோலில் 1,200, டியூஷனில் 1,000, போனில் 300. அதற்குக் கீழே போனால் பிள்ளைகள் சாப்பாட்டிலும் அத்தை மருந்திலும்தான் கை வைக்க வேண்டிவரும், வேண்டாம். கடன் பக்கம் பைக், குழு, இரண்டு வட்டிக்கு மாதம் 1,200, நகைக் கடனுக்கு 9 சதவீதம் என்று வைத்தால் மாதத்துக்கு 1,050 எடுத்து வைக்க வேண்டியது, ஆக 7,950. இரண்டும் சேர்த்து ஏறக்குறைய 25,000. சீட்டையும் எல்.ஐ.சி.யையும் இதில் சேர்க்கவில்லை. அவற்றுக்கு வேறு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

அரசுப் பணம் முழுக்க நின்ற மாதத்தில் கையில் வருவது தனியார் வேலையில் 7,500, பீடியில் 4,000, ஆக 11,500. மாதத் துண்டு, அதாவது பற்றாக்குறை, 13,500. இந்த எண்ணை எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டி வையுங்கள். "அவசரத்துக்கு ஆறு மாதச் சம்பளம் சேர்த்து வை" என்று பொதுவாகச் சொல்வார்கள். உங்கள் கணக்கில் அது இரண்டரை லட்சத்துக்கு மேல் போகும். கேட்டாலே மலைப்பாக இருக்கும், யாரும் தொடங்க மாட்டார்கள். உங்களுக்குத் தேவை ஆறு மாதத் துண்டு மட்டும்: சுமார் 81,000. அந்தப் பணம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. இருக்கிற இடம்தான் சரியில்லை.

டெபாசிட்டை உடைக்கலாமா என்று கேட்டீர்கள். உடையுங்கள். தங்கம் வாங்க அல்ல, இரண்டு வட்டிக் கடனை அடைக்க. 60,000 ரூபாய்க்கு வருஷத்துக்கு 14,400 வட்டி கட்டுகிறீர்கள். அதே 60,000 பேங்கில் 7 சதவீதத்தில் ஈட்டுவது 4,200. முன்கூட்டி உடைப்பதற்கு அரை சதவீதம், ஒரு சதவீதம் பிடித்தாலும் ஆண்டுக்குப் பத்தாயிரம் மிச்சம். கடனை முடிக்கிற அன்றே எழுதிக் கொடுத்த புரோநோட்டையும், செக் கொடுத்திருந்தால் அதையும் கையோடு வாங்கிவிடுங்கள். பணத்தைக் கணக்கு வழியாகவே அனுப்புங்கள். "நோட்டு வீட்டில் இருக்கு, அப்புறம் தாறேன்" என்றால் பணமும் அப்புறம்தான்.

நகையாகத் தங்கம் வாங்கினால் 3 சதவீதம் ஜி.எஸ்.டி., செய்கூலி, சேதாரம் எல்லாம் முதல் நாளே போய்விடும். அவசரத்துக்கு விற்றால் அந்தக் காசு திரும்பாது. ஏற்கெனவே 5 பவுன் அடகில் கிடக்கும்போது ஆறாவது பவுன் வாங்குவதில் பொருளில்லை.

இரண்டு வட்டிக் கடன் அடைந்ததும் துண்டு 12,250 ஆகிவிடும். மீதி 40,000 டெபாசிட், கையிருப்பு 40,000, ஆக 80,000. ஆறு மாதம் தாங்கும். மேலே சொன்னபடி கடைத்தெரு அடங்கித் தனியார் வேலையும் பாதியானால் துண்டு 16,000 ஆகும். அப்போதும் ஐந்து மாதம். இந்த 40,000 டெபாசிட்டை ஒரே ரசீதாகப் போடாமல் 20,000 வீதம் இரண்டாகப் போடுங்கள். ஒன்றை உடைத்தால் மற்றதன் வட்டி கெடாது. கையிருப்பில் 6,400 ரூபாயை, அதாவது இரண்டு பைக் தவணையை, தவணை பிடிக்கும் கணக்கில் எப்போதும் விட்டு வையுங்கள். சம்பளம் பத்து நாள் தள்ளி வந்து, ஐந்தாம் தேதி தவணை திரும்பினால் பேங்க் ஒரு அபராதம் போடும், பைக் கடன் கொடுத்த கம்பெனி ஒரு அபராதம் போடும், சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். தவணைத் தேதியை மாதக் கடைசிக்கு மாற்றித் தர முடியுமா என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். ஒழுங்காகக் கட்டிவரும்போது கேட்டால் காது கொடுப்பார்கள்.

அவசரப் பணத்தைத் தபால் நிலைய ஆர்.டி.யில் போட வேண்டாம். சேமிப்புக்கு அது நல்ல இடம்தான். ஆனால் மூன்று ஆண்டு முடியுமுன் கணக்கை முடிக்க முடியாது; ஓராண்டு கட்டிய பிறகு இருப்பில் பாதிவரை கடன்தான் கிடைக்கும். ஒரு வருஷ டெபாசிட்டும் ஆறு மாதத்துக்கு முன் உடைக்க வராது. நம்பிப் போட்டுவிட்டு ஆனி மாதத்தில் கவுன்ட்டரில் கையைப் பிசைந்து நிற்பவர்கள் ஏராளம்.

சீட்டு விஷயத்தில் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அது பதிவு செய்யாத தெருச் சீட்டு. 14 பேர் பணத்தை எடுத்துவிட்டார்கள். இனி அவர்கள் ஒழுங்காகக் கட்டினால்தான் மீதி ஆறு பேருக்குப் பணம். அந்த 14 பேரும் உங்கள் தெருக்காரர்கள், அதே கடைத்தெருவை நம்பிப் பிழைப்பவர்கள். காசு நெருக்கடி வந்தால் முதலில் நிற்பது எடுத்து முடித்தவர்களின் தவணைதான். நடத்துகிற அக்கா நல்லவராகவே இருக்கலாம். நல்லவர் கையிலும் வசூல் ஆகாத பணம் இருக்காது. எனவே கடைசிவரை காத்திருந்து முழுசாக வாங்கலாம் என்று நினைக்காமல், இந்த மாதமோ அடுத்த மாதமோ கொஞ்சம் தள்ளி, அதாவது தொகையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, கேட்டு எடுத்துவிடுங்கள். இந்தக் கட்டத்தில் தள்ளு அதிகம் போகாது. வந்த பணத்தில் 30,000 ரூபாயைத் தனியே வைத்து மீதி ஆறு தவணையைத் தவறாமல் கட்டுங்கள். முடிந்ததும் அடுத்த சீட்டில் சேர வேண்டாம். வேண்டுமானால் 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவான சீட்டில், பதிவு எண்ணைப் பார்த்துச் சேருங்கள்.

சீட்டில் மிஞ்சும் அறுபதாயிரம் சொச்சம் நகைக் கடனுக்குப் போகட்டும். 1,40,000 கடன் 80,000 ஆகும். தங்கம் விலை ஏறிக் கிடப்பதால் 80,000 ரூபாய்க்கு 5 பவுன் ஈடு தேவையே இல்லை. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிப்படி இரண்டரை லட்சம் வரையுள்ள கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம். கெடு தேதியில் பழைய கடனை முடித்து மறுபடி வைக்கும்போது தேவையான நகையை மட்டும், அதையும் இரண்டு தனிக் கடனாக வையுங்கள். ஒரே கடனாக வைத்தால் பாதிப் பணம் கட்டினாலும் பாதி நகையைப் பெரும்பாலும் திருப்பித் தர மாட்டார்கள். வீட்டுக்குத் திரும்பும் நகை உங்கள் இரண்டாவது அணை. கவுன்ட்டரில் "விலை ஏறியிருக்கு மேடம், கூட அம்பதாயிரம் தரலாம்" என்பார்கள், வாங்காதீர்கள். விலை இறங்கினால் அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்லி உங்களுக்குத்தான் நோட்டீஸ் வரும். இன்னொன்று: வருஷக் கடைசியில் மொத்தமாகத் திருப்பும் கடனை, சேர்ந்த வட்டியைக் கையில் கட்டினால்தான் புதுப்பிப்பார்கள். மாதாமாதம் 1,050 எடுத்து வைக்கச் சொன்னது அதற்காகத்தான்.

பணம் தட்டுப்படும் மாதத்தில் எதை முதலில் கட்டுவது? அரிசி, மருந்து, வேன் போக முதலில் குழுக் கடன். 2,500 சின்னத் தொகைதான், ஆனால் நீங்கள் தவறினால் மற்ற பெண்களின் தலையில் விழும். அடுத்த கடனுக்குக் குழுவே நிற்கும். அவசரத்தில் உங்களுக்குக் குறைந்த வட்டியில் கை கொடுக்கும் இடமும் அதுதான். பிறகு பைக். நகை வட்டி கெடு தேதிவரை பொறுக்கும். எல்.ஐ.சி. மாதப் பிரீமியம் என்றால் 15 நாள், காலாண்டு அல்லது வருஷப் பிரீமியம் என்றால் 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதையும் தாண்டி நின்றுபோனாலும் ஐந்து ஆண்டுக்குள் புதுப்பிக்கலாம். பாலிசியைச் சரண் செய்து பணம் வாங்குவது கடைசி வழி. போட்ட பணத்தில் நல்ல பகுதி போய்விடும். அதற்கு முன் பாலிசி மேல் கடன் கேட்டுப் பாருங்கள்.

எந்த மாதத்திலும் கந்துவட்டி வாசலுக்குப் போகாதீர்கள். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே அழிந்ததை இந்தச் சீமையில் யாரும் மறக்கவில்லை. அதற்கு எதிரான சட்டம் 2003லேயே வந்துவிட்டது. கடன் வசூலில் மிரட்டுவதற்கு எதிராக 2025இல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. மைக்ரோ பைனான்ஸ்காரர்கள் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஏற்கெனவே மிரட்டல் இருந்தால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

இனி வீட்டுக்காரரின் தொழில். எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். 1,80,000 பாக்கி என்பது என்ன? காண்ட்ராக்டர் வழியாக அரசுக்கு நீங்கள் வட்டியில்லாமல் கடன் கொடுத்திருக்கிறீர்கள். அந்தக் கடனைக் கொடுக்க நீங்கள் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கியிருக்கிறீர்கள். வேலை முடிந்து, இன்ஜினியர் அளந்து எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் ஏற்றி, பில் பாஸாகி, நிதி ஒதுக்கீடு வந்து, காண்ட்ராக்டர் கணக்கில் விழுந்து, அப்புறம்தான் சப்-காண்ட்ராக்ட் மேஸ்திரி கைக்கு வரும். எங்கே நின்றாலும் கடைசி ஆளுக்குக் காசு இல்லை. மார்ச் 31க்குள் பாஸாகாத பில் புது ஒதுக்கீடு வரும்வரை, பெரும்பாலும் ஆனி ஆடி வரை இழுக்கும். அதே நேரம்தான் பள்ளிக்கூடம் திறக்கும், கோயில் கொடைத் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரியும் வரும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை, கட்டட வேலை படுத்துவிடும். தேர்தல் அறிவித்தால் புது வேலைகள் நின்றுவிடும். உங்கள் வறட்சி மாதங்கள் இவை. கையிருப்பை இவற்றுக்கு முன்னாலேயே நிரப்பி வைக்க வேண்டும்.

பாக்கிக்கு எழுத்து ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே, எந்த வேலை, எவ்வளவு அளவு, மொத்தக் கூலி, கொடுத்தது, பாக்கி என்று எழுதி, "மேற்படி தொகை பாக்கி உள்ளது" என்று காண்ட்ராக்டரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். சண்டைக்குப் போக வேண்டாம், கணக்கு நேராக்குகிறோம் என்றே கேட்கலாம். பாக்கியை வசூலிக்க வழக்குப் போடும் காலவரம்பு மூன்று ஆண்டு. அது முடியுமுன் இப்படிக் கையெழுத்து வாங்கினால் அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டு புதிதாக எண்ணப்படும். பணம் வந்தால் அது வரவு என்று நினைத்துச் செலவழிக்காமல் முதல் 60,000 ரூபாயை டெபாசிட்டிலேயே திரும்பப் போடுங்கள்; அங்கிருந்துதானே எடுத்தோம்.

இனி எடுக்கும் ஒன்றியத்து வேலை எல்லாம் கூலி காண்ட்ராக்டாக மட்டும் இருக்கட்டும். சிமெண்டு, கம்பி, ஜல்லி காண்ட்ராக்டர் பொறுப்பு. ஹார்டுவேர் கடையில் தன் பெயரில் பற்று எழுதுவதை நிறுத்த வேண்டும். ஒரு வாரக் கூலி முன்பணம், பிறகு சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கணக்கு. இரண்டு சனிக்கிழமை தவறினால் சித்தாளை வேறு வேலைக்கு அனுப்பிவிட வேண்டியதுதான். "நாளைக்கு வேலை தர மாட்டார்" என்ற பயம் நியாயம்தான். ஆனால் காசு வராத வேலையில் ஒவ்வொரு வாரமும் கடன்தான் ஏறுகிறது. தனியார் வேலையைப் பாதிக்குக் கொண்டுவர வழி தேடட்டும். அம்பை, கல்லிடை, சேரன்மகாதேவி சுற்று வட்டாரத்தில் சென்னையிலும் வளைகுடாவிலும் இருப்பவர்களின் பூட்டிய வீடுகள் எத்தனையோ உண்டு. ஆவணி, புரட்டாசியில் மொட்டைமாடி ஒழுக்கு அடைப்பது, தட்டோடு பதிப்பது, காம்பவுண்டு பூசுவது எல்லாம் ஒரு வாரம், பத்து நாளில் முடியும் வேலை. போட்டோ எடுத்து அனுப்பினால் வேலைக்குத் தகுந்தபடி பணம் கணக்கில் வந்துவிடும்.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியப் பதிவு அவருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வாரியத்தின் பணம் கட்டடச் செலவில் ஒரு சதவீதம் என்று வசூலிக்கும் தீர்வையிலிருந்து வருகிறது. பட்ஜெட் ஒதுக்கீட்டை மட்டும் நம்பி அது இல்லை. பிள்ளைகள் படிப்புக்கு உதவி, விபத்து உதவி, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் உண்டு. பலர் கோட்டை விடுவது புதுப்பித்தலில்: அட்டை காலாவதியானபின் விழுந்து கையை உடைத்துக்கொண்டு வந்து நின்றால் ஒன்றும் செய்ய முடியாது. சாரத்தில் நிற்கிறவர் என்பதால் பேங்கில் வருஷம் 20 ரூபாய் விபத்துக் காப்பீடும், 436 ரூபாய் ஆயுள் காப்பீடும் போட்டுவிடுங்கள். இரண்டும் தலா 2 லட்சம். மே கடைசியில் கணக்கில் அந்தப் பணம் இருக்க வேண்டும்.

உங்கள் வேலையை நீங்களாக விட வேண்டாம். ஆனால் நியமன ஆணை, ஒவ்வொரு ஆண்டின் நீட்டிப்பு ஆணை, சம்பளம் வந்த பேங்க் விவரம், அனுபவச் சான்று நான்கையும் இப்போதே வாங்கிக் கோப்பில் போடுங்கள். ஆள் குறைத்தபின் அலுவலகம் அலுவலகமாக அலைந்து அனுபவச் சான்று வாங்குவது பெரும்பாடு. பி.எஃப். பிடிக்கிறார்கள் என்றால் அதன் பொது எண்ணான யூ.ஏ.என்.-இல் ஆதார், பேங்க் கணக்கு, வாரிசு நியமனம் சரியாக இருக்கிறதா பாருங்கள். தட்டச்சில் இளநிலை முடித்திருந்தால் முதுநிலையும், இல்லாவிட்டால் டேலி என்கிற கணினிக் கணக்குப் பயிற்சியும் இந்த ஆண்டே முடியுங்கள், ஜி.எஸ்.டி. கணக்கு எழுத ஆள் தேடாத கடையே இல்லை.

மாடி ரூம் இப்போது வேண்டாம். 6 லட்சத்துக்கு 9.5 சதவீதம், பத்து ஆண்டு என்றால் மாதம் 7,760 ரூபாய். மேலே ஐந்து மாதம் தாங்கும் என்று சொன்ன பணம் மூன்றரை மாதம்கூடத் தாங்காது. மேஸ்திரி வீடு, கூலி மிச்சம் என்று தோன்றும். ஆனால் சிமெண்டுக்கும் கம்பிக்கும் கூலி தள்ளுபடி கிடையாதே. தனியார் வேலை பாதிக்கு வந்து, 1,80,000 பாக்கியும் வசூலான பிறகு எடுத்துப் பேசலாம்.

கரண்டில் ஒரு சிறு கணக்கு: இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டாதீர்கள். 501ஆவது யூனிட்டோடு 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளின் விலையும் கூடிவிடும். ரேஷனில் பருப்பு, பாமாயில் வந்த வாரமே வாங்கிவிடுங்கள். அத்தைக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை என்றால் மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் கொடுங்கள். மிச்சமாகும் காசில் ஒரு மாத மாத்திரையை இருப்பாக வையுங்கள், வரத்து தள்ளிப்போனால் மாத்திரை நிற்கக் கூடாது. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய் என்பதால் அதை நம்பாதீர்கள். பெரிய வைத்தியத்துக்கு நெல்லை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. தனியே மருத்துவக் காப்பீடு எடுத்தால் 2025 செப்டம்பர் 22 முதல் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை.

செலவு விவரத்தில் மாதம் எட்டாயிரம் சொச்சம் எங்கே போகிறது என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நம் பக்கத்தில் அது பெரும்பாலும் செய்முறையிலும் கொடையிலும்தான் போகும். உறவை முறிக்கச் சொல்லவில்லை. மாதம் 2,000 தனி உறையில் போட்டு, செய்முறை எல்லாம் அதற்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய மொய் நோட்டைப் பார்த்து, வாங்கிய அளவுக்கு மட்டும் திருப்பிச் செய்யுங்கள்.

மகன் பள்ளியில் "அரசு பணம் தரவில்லை, நீங்கள் கட்டுங்கள், வந்ததும் தருகிறோம்" என்று கேட்கக்கூடும். 2009 கட்டாயக் கல்விச் சட்டப்படி அந்த இடத்துக்குக் கல்விக் கட்டணம் உங்களிடம் வாங்கக் கூடாது. எட்டாம் வகுப்புவரை அவனுக்கு அந்த உரிமை உண்டு. கேட்டதை எழுத்தில் கேளுங்கள், சேர்க்கை ஆணை நகலோடு மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். ரசீதில்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ஆனால் நோட்டு, சீருடை, வேன் என்று ஜூனில் செலவு வரத்தான் செய்யும்; மாதம் 1,000 அதற்கு ஒதுக்குங்கள்.

மகள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும், பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கும் தகுதி உண்டு. பாலிடெக்னிக்கோ கலைக் கல்லூரியோ எதுவானாலும் அரசுக் கல்லூரிக்கே முதலிடம் கொடுங்கள். சுயநிதிக் கல்லூரியில் அரசு தர வேண்டிய கட்டணம் தாமதமானால், மகன் பள்ளியில் கேட்கிற அதே கேள்வியை அங்கேயும் கேட்பார்கள். நீங்கள் பட்டதாரி என்றால் முதல் பட்டதாரிச் சலுகை அவளுக்கு வராது, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வருமானச் சான்று ஓராண்டுதான் செல்லும். பழையது கிடக்கிறது என்று இருந்துவிடாமல் ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். ரிசல்ட் வந்த வாரத்தில் அம்பை, சேரன்மகாதேவி எல்லா இடத்திலும் வரிசை வாசலுக்கு வெளியே நிற்கும்.

அன்புடன்,
ஆலோசகர்